பிறப்புப் பதிவில்லாத ஒரு மாணவியும் விடுமுறைக்கு வந்த சட்ட மாணவர்களும்: மூதூர் கிழக்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தக் குறிப்பு 2022 டிசம்பரில் தொடங்கி இன்னும் முழுதாக முடியாத ஒரு விடயத்தைப் பற்றியது. சட்ட மாணவர் குழுவொன்று ஒரு தாய்க்கும் மகளுக்கும் உதவப் போனது. அந்தக் குழுவுக்கு மேற்பார்வையாக இருந்த சட்டத்தரணி என்ற முறையில் இதை எழுதுகிறேன். தாயும் மகளும் சம்மதித்த பிறகே எழுதப்படுகிறது. ஊர், பாடசாலை, கந்தோர் எதுவும் பெயர் சொல்லப்படவில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்கள் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

பின்னணி

மூதூர் கிழக்கு, இலங்கையின் கிழக்கே திருகோணமலை மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் சட்டபீடம் இல்லை. சட்டம் படிக்கிற பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பேராதனைக்கோ போகிறார்கள். சிலர் சட்டக் கல்லூரிக்குப் போகிறார்கள். வேலை பார்ப்பவர்கள் திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்து ஊரிலிருந்தே படிக்கிறார்கள். சாதாரண காலத்தில் இவர்கள் ஒரே நேரத்தில் ஊரில் இருப்பதே அரிது. 2022 நடுவில் பெற்றோல் தட்டுப்பாடு வந்து பல்கலைக்கழக வகுப்புகள் இணையவழிக்கு மாறியபோதுதான் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். குழு அப்படி உருவானது. நகரத்துப் பிள்ளைகள், கிண்ணியாவிலிருந்து சிலர், மூதூரிலிருந்து ஒரு முஸ்லிம் மாணவி, கந்தளாயிலிருந்து ஒரு சிங்கள மாணவன், மூதூரில் அரச வேலை பார்த்தபடி திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் ஒருவர்.

அவர்களுடைய நோக்கம் நல்லது, ஆனால் பொதுப்படையானது: "சமூக நீதி", "சட்ட விழிப்புணர்வு". முதல் நிகழ்ச்சியாக டிசம்பர் 10, மனித உரிமைகள் தினத்தன்று, மூதூர் கிழக்கில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் அடிப்படை உரிமைகள் பற்றிய கருத்தரங்கு வைப்பதென்று தீர்மானித்தார்கள். பதாகை அடித்தார்கள், ஒலிபெருக்கி பிடித்தார்கள்.

அந்தப் பக்கத்துக் கதையை இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. சம்பூரும் அதைச் சுற்றிய ஊர்களும் 2006இல் முழுதாக இடம்பெயர்ந்தன. மக்கள் வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளி, வாகரைப் பக்கம் போனார்கள். 2007 தொடக்கத்தில் அங்கிருந்தும் மட்டக்களப்புக்கு ஓடினார்கள். பிறகு கிளிவெட்டி போன்ற இடங்களில் இடைத்தங்கல் முகாம்களில் வருடக்கணக்கில் இருந்தார்கள். சம்பூரில் பாதுகாப்பு வலயத்துக்கும் முதலீட்டு வலயத்துக்குமாக எடுக்கப்பட்ட காணிகள் 2015இலும் 2016இலும்தான் திரும்பக் கிடைத்தன. ஒவ்வொரு ஓட்டத்திலும் வீட்டில் இருந்த தாள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்தன. 2004 சுனாமியிலேயே இழந்தவர்களும் உண்டு.

கருத்தரங்கில் கண்டது

கூட்டம் மோசமில்லை. அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை ஒரு மாணவி தெளிவாக விளக்கினாள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் சொன்னாள். பதினாறு வருடத்துக்கு முந்திய இழப்புகளோடு உட்கார்ந்திருந்த சபைக்கு அந்த "ஒரு மாதம்" எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்கச் சொன்னபோது யாரும் கேட்கவில்லை.

கேள்விகள் தேத்தண்ணி நேரத்தில் வந்தன. மேடையில் பேசியவர்களை விட்டுவிட்டு, கதிரை அடுக்கிக்கொண்டிருந்த மாணவர்களிடம்தான் ஆட்கள் வந்தார்கள். அடையாள அட்டையில் பெயர் பிழை, மரணச் சான்றிதழில் வயது பிழை, காணி அனுமதிப்பத்திரம் தகப்பன் பெயரில் இருக்கிறது, தகப்பன் இல்லை. எல்லாம் தாள் சம்பந்தப்பட்டவை. அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் இந்தத் தாய். மூதூர் மாணவியின் கையைப் பிடித்து, "பிள்ளை, மகள் வாற வருசம் ஓ.எல். எடுக்கப்போறாள். அவளுக்கு இன்னும் பிறப்புப் பத்திரமே இல்லை" என்றார். ஓ.எல். என்றது சாதாரண தரப் பரீட்சையை.

அந்த மாணவியிடம் அவர் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பேச்சுவாக்கில், தன் குடும்பமும் 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு ஓடியது என்று அவள் சொல்லியிருந்தாள்.

குடும்பத்தின் நிலை

மகள் பிறந்தது 2006 டிசம்பர் கடைசியில், வாகரைப் பகுதியில், இடம்பெயர்ந்து ஒரு கொட்டிலில் இருந்தபோது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் ஊர் மருத்துவிச்சி ஒருவர்தான் பேறு பார்த்தார். சில வாரங்களில் மறுபடி ஓட்டம். அந்த ஓட்டத்தில் கணவர் காணாமற்போனார். பிறப்பைப் பதிய வேண்டும் என்ற நினைப்பு வருவதற்குள் குடும்பம் வேறு மாவட்டத்து முகாம் ஒன்றில் இருந்தது.

சட்டத்தின்படி பிறந்து 42 நாட்களுக்குள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டால் சாதாரண வழி மூடிவிடும். பிறகு வெளிப்படுத்துகைப் படிவத்தோடு சான்றுகளை இணைத்து, பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாய் இதைச் செய்யாமல் இருக்கவில்லை. முகாமிலிருந்து திரும்பிய பிறகு அருகிலுள்ள கந்தோருக்கு இரண்டு தரம் போயிருக்கிறார். இரண்டு தரமும் "பிறந்த இடம் இங்கே இல்லை, அங்கே போங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னது சட்டப்படி சரிதான்: பிறப்பு நிகழ்ந்த பிரிவில்தான் அதைப் பதிய முடியும். ஆனால் எந்தப் பிரிவு, எந்தப் படிவம், என்ன சான்று என்று யாரும் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கவில்லை. கூலி வேலைக்குப் போகும் ஒருத்திக்கு மாவட்டம் தாண்டிப் போய்வருவது ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும்.

பிள்ளையைப் பாடசாலையில் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். இடம்பெயர்ந்த பிள்ளைகளை அப்போது அப்படித்தான் சேர்த்தார்கள், அது நல்ல காரியம். தற்காலிகம் பத்து வருடத்துக்கு மேல் நீண்டுவிட்டது. 2016ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு 15 வயதிலேயே தேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டும். வகுப்பில் மற்றப் பிள்ளைகளுடைய விண்ணப்பங்கள் அதிபர் மூலம் போனபோதுதான் இவளுடையது நின்றுபோனது.

முதல் முடிவுகள்

குழுவின் முதல் வேகம் வேறு பக்கம் போனது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு, பத்திரிகைக்குச் செய்தி, இந்த ஒரு பிள்ளையை முன்வைத்து முழு மாவட்டத்துக்குமான கோரிக்கை மனு. மூன்றும் பிழையான யோசனைகள் அல்ல. ஆனால் பரீட்சை 2023 மே மாதத்தில். முறைப்பாடு செய்தால் எந்தக் கந்தோரின் ஒத்துழைப்பு வேண்டுமோ அதே கந்தோர் எதிர்த்தரப்பாகிவிடும். அத்தோடு, யாரும் இன்னும் ஒரு விண்ணப்பத்தைக்கூட மறுக்கவில்லை. விண்ணப்பமே கொடுக்கப்படவில்லையே. மறுப்பு எழுத்தில் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம் என்று சொன்னேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, மாணவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது. சட்ட மாணவர் நீதிமன்றத்தில் தோன்ற முடியாது. சத்தியக் கடதாசியை அத்தாட்சிப்படுத்த முடியாது, அதற்குச் சமாதான நீதவானோ சத்தியப் பிரமாண ஆணையாளரோ வேண்டும். "உங்கள் வழக்கு வெல்லும்" என்று சொல்லவும் கூடாது. படிவம் நிரப்பலாம், கடிதம் எழுதலாம், தகவல் கேட்கலாம், கூடவே போகலாம். இந்தக் கடைசி விடயத்தை மாணவர்கள் முதலில் ஒரு வேலையாகவே எண்ணவில்லை. போன பிறகு விளங்கியது: தாய் தனியே போனபோது கிடைக்காத படிவம், பக்கத்தில் கொப்பியும் பேனையுமாக ஒரு பிள்ளை நின்றபோது முதல் நாளே கிடைத்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, படங்கள். கருத்தரங்கில் எடுத்த படங்கள் குழுவின் பேஸ்புக் பக்கத்தில் போய்விட்டன, அதில் மகளின் முகமும் இருந்தது. தாய் கேட்டதும் எடுத்துவிட்டார்கள். உதவி கேட்டு வந்தவரின் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது என்று அன்றே விதியாகிவிட்டது.

சான்று தேடல்

ஜனவரி முழுவதும் தேடல். குழுவில் யாருக்கும் இப்படியொரு அனுபவம் இல்லை. தீர்ப்பு வாசிக்கப் பழகிய பிள்ளைகள் ஒரு முகாம் கிளினிக் அட்டையை எப்படி வாசிப்பது என்று அப்போதுதான் பழகினார்கள்.

முதலில் கிடைத்தது அந்த அட்டைதான். மட்டக்களப்பு முகாமில் பிள்ளைக்கு முதன்முதல் நிறை பார்த்தபோது திறந்த வளர்ச்சிப் பதிவேடு. ஓரம் கரையான் அரித்திருந்தாலும் பிறந்த திகதி தெளிவாக இருந்தது. பாடசாலைச் சேர்வுப் பதிவேட்டில் வேறு திகதி: 2007 ஜனவரி முதலாம் திகதி. சேர்த்த ஆசிரியர் தாயிடம் கேட்டு, "வருசப் பிறப்புக்குக் கிட்ட" என்ற பதிலை வைத்து வசதிக்கு ஒரு திகதி போட்டிருக்க வேண்டும். பரீட்சைத் திணைக்களத்துக்குப் போனதும் இதே திகதிதான்.

எது சரி? தாயிடம் நாட்காட்டித் திகதி கேட்டுப் பயனில்லை. கந்தளாய் மாணவன்தான் வேறு விதமாகக் கேட்டான்: "அந்த நேரம் கோயிலிலயோ ஊரிலயோ என்ன நடந்தது, அம்மா?" அவன் தமிழ் கொஞ்சம் உடைசல், ஆனால் கேள்வி சரியானது. தாய் உடனே சொன்னார்: சுனாமியின் இரண்டாம் வருட நினைவுக்கு விளக்கு வைத்த கிழமை, திருவெம்பாவை நடந்துகொண்டிருந்தது. 2007இல் திருவாதிரை ஜனவரி தொடக்கத்தில், பௌர்ணமியை ஒட்டி வந்தது. அப்படியானால் திருவாதிரையோடு முடிகிற திருவெம்பாவை நடந்தது டிசம்பர் கடைசியில்தான். இரண்டும் கிளினிக் அட்டையோடு ஒத்துப்போயின. ஆக, திருத்த வேண்டியது பாடசாலைப் பதிவேடு.

மருத்துவிச்சி உயிரோடு இருந்தார், இன்னும் கதிரவெளிப் பக்கம். திறந்த பல்கலைக்கழக மாணவர் ஏ15 வீதியால் வெருகல் தாண்டிப் போய் அவரைக் கண்டுபிடித்தார். பிள்ளையின் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆனால் அந்தக் கொட்டில், அந்த இரவு, விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் டோச் லைட்டில் பேறு பார்த்தது எல்லாம் நினைவிருந்தது. அங்குள்ள சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி கொடுத்தார். அதை முதலில் எழுதிய மாணவி "மேற்படி பிரதிக்கினையாளர்" என்று தொடங்கி ஒரு பக்கம் சட்டத் தமிழில் நிரப்பியிருந்தாள். வாசித்துக் காட்டியபோது கிழவி, "நான் இப்பிடிச் சொல்லலயே மகள்" என்றார். திரும்ப எழுதியது பாதி நீளம், பதிவாளருக்கு இருமடங்கு பயன்.

அடுத்தது முகாம் பதிவு. உலக உணவுத் திட்டத்தின் உலர் உணவு கொடுக்க வைத்திருந்த குடும்பப் பட்டியலில் இந்தப் பிள்ளையின் பெயர் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட கந்தோரிடம் கேட்டார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். பதில் வந்தது: அந்தக் காலப் பதிவேடுகள் தம்மிடம் இல்லை. மாணவர்களுக்கு மனம் விட்டுப்போனது. எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. ஏன் இந்தச் சான்று இணைக்கப்படவில்லை என்று பிறகு யாரும் கேட்டால், இல்லை என்று அரசே எழுத்தில் சொல்லியிருக்கிறது. அதையும் கோப்பில் சேர்த்தோம்.

இவற்றோடு பிறப்புப் பதிவு இல்லை என்பதற்கான தேடுதல் அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தாயின் பிறப்புச் சான்றிதழ், சாதகக் கொப்பி. பெப்ரவரி கடைசியில் விண்ணப்பம் போனது.

தகப்பன் பெயர்

இந்த விடயத்தின் கடினமான பகுதி இதுதான். மற்றது எல்லாம் அலைச்சல்.

பெற்றோரின் கல்யாணம் பதியப்படவில்லை. 2005இல் ஊர்க் கோயிலில் தாலி கட்டி நடந்தது. அப்போது சம்பூர் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. பதிவுக்கு மூதூர் டவுனுக்குப் போக வேண்டும், பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் இது அதிசயமில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பெற்றோர் திருமணம் செய்திராவிட்டால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுத் தகப்பன் கையொப்பமிட வேண்டும், அல்லது நீதிமன்றக் கட்டளை வேண்டும். அப்போதுதான் தகப்பன் விவரம் எழுதலாம். தகப்பன் கையொப்பமிட இல்லை.

இந்த இடத்தில் மாணவர்கள் உண்மையிலேயே சட்ட மாணவர்களாக இருந்தார்கள். திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பதிவேட்டுக் குறிப்பைத் திருமணத்துக்கான சிறந்த சான்று என்கிறது, ஒரே சான்று என்று சொல்லவில்லை. வழக்காற்றுப்படி நடந்த திருமணங்களையும், கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்ததிலிருந்து எழும் அனுமானத்தையும் இலங்கை நீதிமன்றங்கள் ஏற்றுவந்திருக்கின்றன. ஆகவே இவர்கள் "திருமணம் செய்யாதவர்கள்" அல்ல. நல்ல வாதம். அதற்கு ஆதாரமும் தேடினார்கள். பழைய வாக்காளர் இடாப்பில் இருவர் பெயரும் ஒரே வீட்டிலக்கத்தில் இருந்தன. கணவரின் மரணம், காணாமற்போனோரின் மரணங்களைப் பதிய 2010இல் வந்த தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் பதியப்பட்டிருந்தது. அந்தச் சான்றிதழில் தகவல் தந்தவர் "மனைவி" என்று இருந்தது. நட்டஈட்டுக்காக எடுத்த சான்றிதழ் அது. அதை எடுத்த நாளைப் பற்றித் தாய் பேச விரும்புவதில்லை.

ஒரு விசித்திரத்தை மாணவி ஒருத்தி குறித்து வைத்திருந்தாள்: அவர் இறந்தார் என்று பதிய அரசு இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றது. அவருக்குப் பிள்ளை பிறந்தது என்று பதிய ஏற்கவில்லை.

ஆனால் பதிவாளர் நீதிபதி அல்ல. சட்டம் தனக்குத் தந்த படிவத்துக்கு வெளியே போய் ஒரு திருமணம் செல்லும் என்று தீர்மானிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. விண்ணப்பத்தில் தகப்பன் விவரத்தையும் ஆதாரங்களையும் சேர்த்தே கொடுத்தோம், ஏனென்றால் தாய் அதில் உறுதியாக இருந்தார். "அப்பா பேர் இல்லாமல் பத்திரம் எடுத்தா, ஊரில எங்கட பிள்ளைய என்னெண்டு சொல்லுவினம் தம்பி?" என்று கேட்டார். வட்ஸ்அப் குழுவில் அன்றிரவு பெரிய விவாதம். பெயர் வெறுமையாக இருப்பதில் அவமானம் எதுவும் இல்லை என்று தாய்க்கு விளங்கப்படுத்த வேண்டும் என்றார்கள் சிலர். கொள்கையாகச் சரி. ஆனால் அந்த ஊரில் அந்தப் பத்திரத்தோடு வாழப்போகிறவர்கள் நாங்கள் அல்ல என்று மூதூர் மாணவி எழுதினாள். விவாதம் அதோடு நின்றது.

கோப்பு நின்ற காலம்

மார்ச் மாதத்தில் கந்தோரிலிருந்து கேள்விக் கடிதம் அனுப்பப்பட்டது. இரண்டு கேள்விகள்: பாடசாலைத் திகதி ஏன் வேறாக இருக்கிறது, திருமணச் சான்றிதழ் எங்கே. நியாயமான கேள்விகள். கடிதம், படிவத்தை நிரப்பிய மாணவியின் திருகோணமலை நகர வீட்டுக்கு வந்தது, தொடர்பு முகவரியாக அதைத்தான் கொடுத்திருந்தார்கள். தாயின் வீட்டுக்குத் தபால் ஒழுங்காகப் போவதில்லை என்பது காரணம். அந்த நேரம் மாணவி வளாகத்துக்குத் திரும்பியிருந்தாள், வகுப்புகள் நேரடியாகத் தொடங்கிவிட்டன. வீட்டில் அரச உறையைக் கண்டு பத்திரமாக அலுமாரியில் வைத்துவிட்டார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு வந்தபோதுதான் அவள் பிரித்தாள்.

அந்த வாரங்களில் தாய் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு மாணவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்றே நினைத்திருந்தார்கள். எல்லோருக்கும் பருவப் பரீட்சை. யாரும் கோப்பைக் கைவிட எண்ணவில்லை. அது யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

எடுத்த தீர்மானம்

ஏப்ரல் நடுவில் தாயின் வீட்டுத் திண்ணையில் இருந்து பேசினோம். மூன்று வழிகளை வைத்தோம். தாயின் விவரத்தோடு மட்டும் இப்போது பதிவது, தகப்பன் விவரத்துக்கு நீதிமன்றக் கட்டளையைப் பிறகு எடுத்துத் திருத்துவது. அல்லது முதலில் வழக்கு, பிறகு பதிவு. அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ். மூன்றாவதை நானே விலக்கினேன். அது வயதைச் சொல்லுமே தவிரப் பெற்றோரைச் சொல்லாது, பிறப்பைப் பதியச் சான்று இருக்கும்போது அதற்குப் போகத் தேவையில்லை.

பரீட்சை அவசரத்தை இந்தத் தீர்மானத்திலிருந்து பிரித்துவிட வேண்டும் என்று முதலில் அதிபரைச் சந்தித்தோம். அவர் பெரிய மனதுக்காரர். ஆளடையாளத்தைத் தன் பொறுப்பில் உறுதிப்படுத்தி, சான்றுப்படுத்திய படத்துடன் பரீட்சைக்கு இருத்தலாம் என்றார். திகதித் திருத்தத்துக்கும் கடிதம் தந்தார். அது கையில் வந்த பிறகுதான் தாயிடமும் மகளிடமும் ஆறுதலாகப் பேச முடிந்தது.

முதல் இரண்டில் எது என்பதை மகள் சொன்னாள். அதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. அவளைப் பற்றித்தான் எல்லாக் கடிதமும், ஆனால் எல்லாப் பேச்சும் தாயோடு. "இப்ப எடுப்பம் அம்மா. அப்பான்ர பேர நான் பிறகு கோட்டில போய் எடுக்கிறன்" என்றாள். தாய் அழவில்லை, கோபப்பட்டார். எங்கள்மேலும்தான். கொஞ்ச நேரம் குசினிக்குள் போய் நின்றுவிட்டு வந்து கையொப்பமிட்டார்.

விளைவு

மகள் மே 29இல் தொடங்கிய சாதாரண தரப் பரீட்சையை எழுதினாள். ஜூலையில் பிறப்பு பதியப்பட்டது: கிளினிக் அட்டையில் இருந்த திகதி, பிறந்த இடம் வாகரைப் பகுதி, தகப்பன் விவரம் வெறுமை. அதை வைத்து அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, உயர்தர வகுப்பில் சேர்வதற்குள் அட்டை வந்துவிட்டது.

அந்தப் பாடசாலையில் அதிபர் பதிவேட்டைத் தானே சரிபார்த்தபோது, இடப்பெயர்வுக் காலத்தில் பிறந்த வேறு சில பிள்ளைகளுக்கும் பதிவில்லை என்று தெரியவந்தது. இந்த விடயத்தால் கிடைத்த பெரிய பயன் அதுதான் என்று நினைக்கிறேன். கருத்தரங்கு பத்து வைத்திருந்தாலும் அந்தப் பட்டியல் கிடைத்திராது.

குழுவில் பாதிப்பேர் இந்த வேலையோடு ஒதுங்கிவிட்டார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மேடையில் பேசும் திறமை ஒன்று, கந்தோர் வாங்கில் காத்திருக்கும் பொறுமை இன்னொன்று, இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டியதில்லை.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

கோப்பு இப்போது மாணவர் பெயரில் இல்லை. ஊரின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம்: என்ன கொடுத்தோம், எந்தக் கந்தோர், பதில் எப்போது வர வேண்டும், யார் பொறுப்பு. பொறுப்பானவர் பரீட்சைக்கோ வளாகத்துக்கோ போகுமுன் அடுத்தவரின் பெயரை எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். கடிதங்கள் சங்கத்தின் முகவரிக்கு வருகின்றன, மூலப் பத்திரங்கள் குடும்பத்திடமே இருக்கின்றன, மாணவர் கையில் போட்டோப்பிரதி மட்டும். ஊரைவிட்டுப் போகாத ஒருவர் இல்லாமல் புதுக் கோப்பு திறப்பதில்லை. இப்போதைக்கு அந்த ஒருவர் திறந்த பல்கலைக்கழக மாணவர்தான். அவர் இடமாற்றம் பெற்றால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் விடை இல்லை.

சேவைச் சான்றிதழ் பற்றியும் பேசினோம். வேலைக்கு, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது மாணவர்களுக்கு அது தேவை, கேட்பதில் பிழையில்லை. ஆனால் இனிமேல் கலந்துகொண்ட நாட்களுக்குச் சான்றிதழ் இல்லை. கோப்பை முடித்தவருக்கும், முடியாததை ஒழுங்காகக் கைமாற்றியவருக்கும் மட்டும்.

வருகிறவரிடம் முதலில் கேட்கும் கேள்வியும் மாறியிருக்கிறது. முன்பு "என்ன பிரச்சினை?" என்று கேட்டார்கள். இப்போது "எந்தத் திகதிக்கு முன் இது வேண்டும்?" பரீட்சையோ நட்டஈடோ வழக்குத் தவணையோ ஒன்று இருந்தால், அதைத் தனியே சமாளிக்க வழி உண்டா என்று முதலில் பார்க்கிறார்கள். அவசரத்தில் கையொப்பம் வாங்குவது குறைந்திருக்கிறது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை சம்பந்தப்பட்ட கோப்பில் பிள்ளையிடமும் தனியே பேசுகிறார்கள்.

கருத்தரங்குகளை நிறுத்தவில்லை. நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்துக்கு மேசை போட்டு உட்காருகிறார்கள். பேச்சு விடயமும் மாறிவிட்டது: காலங்கடந்த பதிவு, தகவல் கேட்கும் முறை, வடக்கு கிழக்கில் அரச கந்தோரிலிருந்து தமிழில் பதில் பெறும் உரிமை.

திருமணம் செல்லுபடியானது என்று பிரகடனம் கோரும் வழக்கு, கட்டணம் வாங்காத சட்டத்தரணி ஒருவர் மூலம் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டிருக்கிறது. தாலி கட்டிவைத்த ஐயர் இறந்துவிட்டார். வாக்காளர் இடாப்புப் பிரதியும் மரணச் சான்றிதழும் ஆவணங்களாக இணைக்கப்பட்டுள்ளன. கல்யாணத்தில் நின்ற சாட்சிகளில் முக்கியமானவர் கணவரின் பெரியம்மா. அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டதால், விசாரணைக்கு முன்னரே அவருடைய சாட்சியத்தைப் பதிவுசெய்யும்படி சட்டத்தரணி விண்ணப்பித்திருக்கிறார்.